ஜெர்மன் வகுப்பின் ஒரே மாணவி

மேல்நிலை ஜெர்மன் வகுப்பில் நான் ஒருத்திதான். ஆரம்பத்தில் ஆறு பேர் இருந்தோம். பாடம் கடினமானதும் மற்ற ஐந்து பேரும் புவியியலுக்கு ஓடிவிட்டார்கள். தனியாகப் படிப்பது எவ்வளவு கொடுமை என்று யாருக்குத் தெரியும்? எந்தக் கேள்வி கேட்டாலும் அது எனக்குத்தான். நான் கொட்டாவி விட்டால் வகுப்பே கொட்டாவி விட்ட மாதிரி. காய்ச்சலில் படுத்தால்கூட, "உனக்காகக் காத்துட்டிருந்தேனேம்மா" என்று டீச்சர் வீட்டுக்கே போன் செய்வார்.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, வகுப்பிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் எழுதி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கி, நேற்று பையில் வைத்துக்கொண்டு போனேன்.

டீச்சர் என்றுமில்லாத கனிவோடு சிரித்தார். "வேற ஊர்ல பெரிய ஸ்கூல்ல வேலை கிடைச்சுதும்மா. எனக்கும் இந்த ஒத்தை பெஞ்சைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. ஆனா உன்னை நட்டாத்துல விட்டுட்டு எப்படிப் போறது? வேண்டாம்னு இப்பதான் எழுதிப் போட்டுட்டு வரேன். நீ பரீட்சை முடிக்கிற வரைக்கும் நான் உன்கூடத்தான்."

கடிதத்தைப் பையின் அடியில் தள்ளினேன்.

"அடடா, கண்ணெல்லாம் கலங்குதே! இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றார் டீச்சர். "சரி, எண்பத்தி நாலாம் பக்கத்தை எடு."