பனியில் நின்ற கப்பலில் கணேசன் அண்ணன்

காலையில் வெலிங்டன் தீவில் நான் வேலை பார்க்கும் ஓட்டலின் சமையலறையில் இருந்தபோது கணேசன் அண்ணனின் மகனிடமிருந்து செய்தி வந்தது. அவனுக்குத் தமிழ் எழுத வராது. மலையாளத்தில் இரண்டே சொற்கள்: அச்சன் போயி, அப்பா போய்விட்டார். அடுப்பை அணைத்துவிட்டு மட்டாஞ்சேரிக்குக் கிளம்பினேன்.

அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் படகு இஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். எனக்கு, ஒரு குளிர்காலத்தை என்னுடன் இருந்து கடந்தவர்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய சரக்குக் கப்பலில் இருந்தோம். அவர் இஞ்சின் அறையில், நான் சமையலில். வெகு வடக்கே, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கும்போது முதலாளி நொடித்துப்போனார். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்று துறைமுகத்தார் சொன்னதால் கேப்டனும் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். டிசம்பரில் சுற்றியிருந்த கடல் உறைந்துவிட்டது.

டீசல் குறைவு. மாலையில் மட்டும் சிறிது நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, செல்போன்களுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வோம். மேல்தளத்துப் பனியை வாளியில் அள்ளி உருக்கிக் குடித்தோம். சமையலறைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டு அண்ணன் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் பற்றிப் பேசுவார். அவருடைய அப்பா மட்டாஞ்சேரி ஜூ டவுனின் மிளகுக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். "அப்பா சட்டையில எப்பவும் மிளகு வாசம்தான்" என்பார்.

ஒருநாள் கையுறை இல்லாமல் இரும்புக் கம்பியைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இழுக்கப் போனவனை அண்ணன் தடுத்து, தன் கையிலிருந்த இளஞ்சூட்டுச் சாயாவை மெல்ல ஊற்றிக் கையை விடுவித்தார். "நல்ல சாயா போச்சு" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி நடுவில், ஒருவருக்கு மாற்றாக உள்ளூர்க் காவலாளி கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். கேப்டன் போக முடியாது. எங்களில் ஒருவர் போகலாம். என் மனைவிக்கு அது நிறைமாதம். நான் வாய் திறக்கும் முன்பே அண்ணன் சொன்னார்:

"நீ போடா. பிரசவத்துக்கு நீ இல்லாம எப்படி? எனக்கு அங்க அவசரமா ஒண்ணுமில்ல."

ஊர் வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பா படுக்கையில் கிடந்தார். அண்ணனுக்குத் தெரியுமா என்று அவருடைய தங்கையிடம் கேட்டேன்.

"அப்பாவுக்குத் தீரெ சுகமில்ல, ரொம்ப முடியலன்னு போன வாரமே சொல்லியாச்சே. உங்ககிட்ட சொல்லலையா?"

என் மகள் பிறந்த நான்காம் நாள் அண்ணனின் அப்பா இறந்தார். அண்ணனின் தம்பி கொள்ளி வைத்தான். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அவருடைய போன் உயிர் பெற்றபோது எல்லாம் முடிந்திருந்தது. சொன்னவன் நான். "அப்பா மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

பனி உருகியபின் மார்ச்சில்தான் அவர் திரும்பினார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

"நெஜத்தச் சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?"

போயிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் தன் அப்பாவின் திதியன்று என் வீட்டுக்கு வருவார். "ஆரம்பத்துலேந்து சொல்லு" என்பார். யார் யார் வந்தார்கள், கிடங்குத் தொழிலாளிகள் எங்கே நின்றார்கள், முகத்தில் வலியின் அடையாளம் இருந்ததா, எல்லாம் சொல்வேன். எதையாவது விட்டுவிட்டால் அவரே எடுத்துக்கொடுப்பார். தான் பார்க்காத ஒரு நாள் அவருக்கு அப்படி மனப்பாடமாகியிருந்தது.

அடுத்த திதிக்கு யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அவருக்காகப் பார்த்து வைத்த அந்த ஒரு நாள் மட்டும் ஒன்றும் குறையாமல் என்னிடம் இருக்கிறது.