ஸ்டோரில் காய்ந்த ஹெல்மெட்

என் வீட்டுக்காரர் முத்துக்கண்ணனைப் பற்றிப் போடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார்கள். அவர் ஓட்டும் ஜீப்பில் ஏறினால் வயிற்றில் தண்ணீர்கூட அலுங்காது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்று வருசமாக அந்தத் தங்கம் வீட்டுக்குள் அடித்த கூத்து அவர்களுக்கு எங்கே தெரியும்? கட்டிக்கொண்டு மாரடிக்கிறவள் நான். நான் சொல்கிறேன்.

அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், இன்றைக்கும் மாமாதான். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் போடிமெட்டு மலை ஏறுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டு, அங்கேயே சின்னச் சின்ன லோடு அடித்துவிட்டு, சாயங்காலம் அதே பெண்களைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பார். இரண்டாவது கியர், ஹாரன், வளைவு, மறுபடி இரண்டாவது கியர். பதினெட்டு வருசமாக இதே பிழைப்பு. "வளைஞ்சு வளைஞ்சே என் ஆயுசு போகுது பிள்ள. ஒரே ஒரு தடவ நேரா போகணும்" என்பார். நானும் என்னவோ மதுரைக்குப் போய் வருவதைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வேண்டும்!

அவர் சொன்னது வேறு. கிழக்கே கடலோரம் பழைய விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறதாம். வருசத்துக்கு ஒரு தரம் பைக்குக்காரர்கள் அங்கே கூடுவார்களாம். பந்தயம் எல்லாம் இல்லை. ஒவ்வொருவராகத் தனியாக ஓட்ட வேண்டும். வேகம் பிடிக்கக் கொஞ்ச தூரம், அதற்கப்புறம் அளக்கிற தூரம். அதன் முனையில் மெஷின் வைத்து, கடக்கும்போது என்ன வேகம் என்று சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். பரிசு கிடையாது, மாலை கிடையாது.

"அப்ப எதுக்கு மாமா போறீக?" என்று கேட்டேன்.

"என்னால எம்புட்டு வேகம் போக முடியும்னு தெரிஞ்சுக்கிறதுக்கு."

இதைத் தெரிந்துகொண்டு எந்தக் கடையில் கொடுத்து அரிசி வாங்குவது? கேட்டால் சிரிப்பார்.

அவருக்கு ஒரு கூட்டாளி, மெக்கானிக் பால்பாண்டி. இரண்டு பேரும் சேர்ந்து பழைய ரெண்டு ஸ்ட்ரோக்கு வண்டி ஒன்றைப் பிடித்து வந்தார்கள். எடை குறைய வேண்டும் என்று கண்ணாடி, ஸ்டாண்டு, பின் சீட்டு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். சைலன்சரை வெட்டி வெட்டி ஒட்டினார்கள். ஓடும்போது ஆயில் போல்ட்டு கழன்று விழக் கூடாது என்பது அங்கே சட்டமாம், அதற்காகப் போல்ட்டின் தலையில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து முறுக்கிக் கட்டினார்கள். பெட்ரோல் சரியாக எரிகிறதா என்று பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்து அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்தபோது என் முகத்தைக்கூட மாமா அப்படிப் பார்க்கவில்லை.

காற்று நெஞ்சில் அடித்துத் தள்ளாமல் இருக்க, டேங்கின்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துத்தான் ஓட்ட வேண்டுமாம். அதற்குப் பழக்கம் என்று வீட்டில் தையல் மிஷின் மேஜைமேல் குப்புறப் படுத்துக் கிடப்பார். என் தங்கச்சி ரோஜா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, மாமாவுக்கு வயித்து வலியா?" என்று பதறிப்போய்க் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிங்காபுரம் ரோட்டில் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் மண்வெட்டியோடு நடுரோட்டில் வந்து நின்று, "ஏலேய், எமன் தேடி வர்றதுக்குள்ள நீயே அவனத் தேடிப் போறியாடா?" என்று வைத வசவு சிலமலை வரைக்கும் கேட்டிருக்கும். மாமா ஹெல்மெட்டைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

நானும் திட்டினேன். ஆனால் தடுக்கவில்லை. பொய் எதற்கு? அந்த மூன்று வருசம் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. மலையிலிருந்து செத்துப்போய் இறங்கி வருகிற மனுசன், வண்டியைத் தொட்டதும் பாட்டுப் பாடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது.

உடுப்புக்கும் அங்கே சட்டம் உண்டு. கழுத்திலிருந்து கால்வரை ஒரே தோல் உடுப்பு. ஹெல்மெட் என்றால் கடையில் தொங்குகிற ஹெல்மெட் இல்லை, அதற்கென்று தனி முத்திரை இருக்க வேண்டும். போடியிலும் தேனியிலும் கிடைக்காமல், துபாயில் இருக்கிற சிநேகிதன் ஊருக்கு வந்தபோது வாங்கி வந்து கொடுத்தான். அதை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்.

போக ஒரு வாரம் இருக்கும்போதுதான் அந்தக் கூறுகெட்ட வேலை நடந்தது. உடுப்பு உடம்புக்குப் பழக வேண்டும் என்று ஒரு நாள் ஜீப்பை வேறு ஆளிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, தோல் உடுப்பும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு என் மொபெட்டில் தோட்டத்துக்குப் போனார். பெண்களிடம் காட்டிக்கொள்ளவும்தான், எனக்குத் தெரியாதா? மேலே மழை பிடித்துக்கொண்டது. உடுப்பு, ஹெல்மெட், உள்ளே இருக்கிற பஞ்சு எல்லாம் ஊறிப்போயிற்று.

மலையில் எது நனைந்தாலும் நாங்கள் செய்வது ஒன்றுதான். ஸ்டோரில் கொண்டுபோய்த் தொங்கவிடுவோம். பறித்த ஏலக்காயைக் காயப்போடுகிற அறைக்குத்தான் ஸ்டோர் என்று பேர். வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு பெரிய தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும். ஆவணி மழையில் கம்பளி, ரெயின்கோட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, எல்லாம் காய்க்கு மேலே அங்கேதான் காயும். யாரும் யோசிப்பதே இல்லை. மாமாவும் யோசிக்கவில்லை. குழாய்க்கு நேர் மேலே ஆணியில் உடுப்பையும் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டு வந்து, மறுநாள் போய் எடுத்தார்.

தோல் உடுப்பு வற்றல்போல் விறைத்துக்கொண்டு வந்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அதை வழிக்குக் கொண்டுவந்தார். ஹெல்மெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். ஏலக்காய் வாசம் கமகமவென்று அடித்தது. கிளம்புகிறதற்கு முந்தின நாள், விளையாட்டுக்காக அதை என் தலையில் கவிழ்த்தேன். உள்ளே என்னவோ ஆடியது. துணியை விலக்கிப் பார்த்தேன். அடியில் இருக்கிற தெர்மாகோல் சுருங்கி மேல் ஓட்டிலிருந்து விலகிக் கிடந்தது. அதை ஒட்ட வைக்கப் பஞ்சர் பசை தடவியிருந்தார். பசை பட்ட இடமெல்லாம் தெர்மாகோலை அரித்து ஓட்டை ஓட்டையாக்கி இருந்தது. கட்டை விரலை வைத்தால் உள்ளே போகிறது. விழுந்தால் மண்டையைக் காப்பாற்ற வேண்டியதே அதுதான்.

தெரியாமல் இருந்தால்கூடச் சரி. தெரிந்து, பசை தடவி, துணியை மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் திரும்ப வைத்திருக்கிறார்!

"இதப் போட்டுக்கிட்டா போகப் போறீக?"

"விழுந்தாத்தான பிள்ள ஹெல்மெட்டு? பதினெட்டு வருசத்துல ஒரு தடவ விழுந்திருக்கேனா?"

"அங்க போறது ஜீப்பு வேகமா? கீழ விழுந்தா தல தேங்கா மாதிரி போயிரும் மாமா!"

"வேற ஹெல்மெட்டு எங்க கெடைக்கும், சொல்லு. இத விட்டா இன்னும் ஒரு வருசம். பால்பாண்டிகிட்ட மூச்சு விடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வைதேன், அழுதேன், சோறு பொங்காமல் கிடந்தேன். மனுசன் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். பயம் என்ற ஒன்று அவர் உடம்பிலேயே கிடையாது. கடைசியில், "நானும் வர்றேன்" என்றேன். மகள் முத்துப்பிரியாவை ரோஜாவிடம் விட்டுவிட்டு, வண்டியை ஏற்றிய லோடு வேனில் அவர்கள் இரண்டு பேரோடு நானும் ஏறிக்கொண்டேன்.

ஓடுதளம் என்றால் ஓடுதளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் நேராக, மேடு பள்ளம் இல்லாமல், வெயிலில் கானல் ஓடிக்கொண்டு கிடந்தது. மாமா அதைப் பார்த்து நின்றதை நான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

காலையில் எல்லோரையும் உட்காரவைத்துச் சட்டம் சொன்னார்கள். உடுப்போ ஹெல்மெட்டோ கெட்டுப்போனது தெரிந்தே மறைத்துக் கொண்டுவந்தால் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் வர முடியாது. கீழே விழுந்த ஹெல்மெட் செல்லாது, வேறு கொண்டுவந்தால் ஓட்டலாம். இந்த இரண்டையும் நான் மனதில் வாங்கிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் அவர் ஆசையைக் கொன்றவள் ஆவேன். சொல்லாமல் இருந்தால் அவரையே கொன்றவள் ஆவேன். என்ன எழவுடா இது என்று இருந்தது.

சோதனை செய்கிற பெரியவர் வண்டியின் கம்பிக் கட்டைப் பார்த்தார், தோல் உடுப்பை இழுத்துப் பார்த்தார், ஹெல்மெட்டின் முத்திரையைப் பார்த்தார், மேல் ஓட்டைத் தட்டினார். மோந்துகூடப் பார்த்துவிட்டு, "ஏலக்கா வாசம் அடிக்குதே" என்று சிரித்தார். துணிக்குள் கையை விடவில்லை. 'சரி' என்று ஒரு வில்லையை ஒட்டி நீட்டினார். மாமா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

நான் கையை நீட்டி ஹெல்மெட்டை வாங்கினேன். பெண்டாட்டி ஆசையாக வாங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தலைக்கு மேலே தூக்கி, சிமெண்டுத் தரையில் விட்டேன்.

ஓடு ஒரு பக்கம் உருண்டது. உள்ளிருந்த தெர்மாகோல் துண்டு துண்டாக, பொடிப் பொடியாகச் சிதறித் தரையெல்லாம் பரவியது. பால்பாண்டி குனிந்து ஒரு துண்டை எடுத்தான். விரலுக்குள் அது உதிர்ந்தது.

"கை நழுவிருச்சு சார்" என்றேன்.

பெரியவர் அந்தப் பொடியைப் பார்த்தார், பசைக் கறையைப் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நல்லவேளைம்மா, இங்க விழுந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மாமா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்மேல் பாய்வார், நாலு பேருக்கு முன்னால் கையை ஓங்கினாலும் ஓங்குவார் என்று நான் நினைத்தேன். பாயவே இல்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல் வெளிறிப்போய் நின்றார்.

அப்போதுதான் ஓட்டிவிட்டு வந்திருந்த நிலவன் என்ற திண்டுக்கல் பையன், "அண்ணே, என் ஹெல்மெட்டப் போட்டுப் பாருங்க" என்று கழற்றிக் கொடுத்தான். அளவு அப்படியே பொருந்தியது. பெரியவரும் பார்த்துச் சரி சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானே வாரை இழுத்துக் கட்டி, "இப்பப் போங்க மாமா. முழுசா முறுக்கிட்டு வாங்க" என்றேன். மனதாரச் சொன்னேன். அவர் வண்டியில் ஏறினார்.

அந்த வண்டியின் சத்தம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு கியருக்கும் ஏறி, கடைசியில் விசில் மாதிரி ஒரு குரல் வரும். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏறிக்கொண்டே வந்த சத்தம் நடுவில் நின்றது. அப்புறம் மேலே போகவே இல்லை. அதே சுருதியில் கடைசி வரைக்கும் ஓடி அடங்கிவிட்டது. சீட்டில் தொண்ணூற்றாறு என்று இருந்தது. ராசிங்காபுரம் ரோட்டில் ஒச்சம்மாள் வைத அன்றைக்கு அவர் நூற்று முப்பதைத் தொட்டவர்.

"இன்னொரு தரம் ஓட்டலாம்ணே" என்றான் நிலவன். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் பால்பாண்டி கார்புரேட்டரைப் பிரித்தான், பிளக்கைப் பார்த்தான், ஒரு குறையும் தட்டுப்படவில்லை. ஆனால் மாமா கேட்டவர்களிடம் எல்லாம், "கார்புரேட்டர் அடைச்சிருச்சு" என்றார். நானும் ஆமாம் போட்டேன். இத்தனை தூரம் போய் வெறுங்கையோடு வந்தோமே என்ற வருத்தம், நாள் போனால் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஜீப்பில் போய்வருகிற அன்னக்கொடி சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி அனுசியா, ஒம் புருசனுக்கு என்னாச்சு? எறக்கத்துல மொத கியருல உருட்டுறாரு. பின்னாடி வர்ற பஸ்சுக்காரன் ஹாரன் அடிச்சே சாகுறான். வெரசா வீடு வந்து சேர முடியல" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், "துபாய்க்காரர்ட்ட புது ஹெல்மெட்டுக்குச் சொல்லிட்டேன் மாமா. அடுத்த வருசம் பாருங்க" என்றேன்.

தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல அனுசு. முறுக்கத்தான் போனேன். தரையில செதறிக் கெடந்துச்சுல்ல, அது கண்ணுக்குள்ள வந்துச்சு. கையி நின்னுபோச்சு."

"அது அன்னைக்கு மாமா."

"இன்னைக்கும்தான். மலையில வளைவு வந்தாக் கீழ பாக்க முடியல. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்குது. பின்னாடி அம்புட்டுப் பொம்பளைக ஒக்காந்திருக்காளுக. எனக்குப் பயமா இருக்கு பிள்ள."

பயமா இருக்கு என்று அந்த வாய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஹெல்மெட்டை இன்னும் ஆயிரம் தரம் என் கையில் கொடுத்தாலும் ஆயிரம் தரமும் தரையில் போட்டுத்தான் உடைப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் என் தையல் சோலியை ஒதுக்கிவைத்துவிட்டு ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "என்னடி, இன்னைக்குப் புருசனுக்குக் காவலா?" என்று அன்னக்கொடி கேட்டாள். "ஆமா, ஒன்னைய மாதிரி ஆளுக ஏறுறாளுகளே" என்றேன். பின்னால் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். மலையடியில் முந்தல் ஊரைத் தாண்டி ஜீப் ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் கியர்மேல் இருந்த அவர் கை வேர்த்து வழுக்கியது. யாருக்கும் தெரியாமல் அதன்மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். பின்னால் சிரிப்பும் பேச்சும் அடங்கவே இல்லை. இவருக்குப் பயம் வந்துவிட்டதை அவர்களிடம் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்துக்கொண்டே மேலே போனேன்.