அனுப்ப இயலாதவள்

டொராண்டோவுக்கு அருகே நான் பணியாற்றும் சிமெண்டு ஆலையில், வியாழக்கிழமை நண்பகல்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். எழுபதை நெருங்கியும் ஓய்வுபெற மறுக்கும் ராபர்ட் என்னும் மூத்த பொறியாளர், தம் உணவுப் பெட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு மாடியறைக்குச் செல்வார். அங்கே அவருடைய பெயர்த்தி வயதுடைய பெண் ஒருத்தி புதிய உணர்கருவிகளைப் பற்றி வகுப்பெடுப்பாள். அவ்வேளையில் கீழே ஏதேனும் இயந்திரம் நின்றுபோனால், "ராபர்ட் வகுப்பில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வேறொருவரை அழைத்துக்கொள்வார்கள். எவரும் முகம் சுளிப்பதில்லை. இந்நாட்டுக்கு வந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. "உங்களை யார் அனுப்பினார்கள்?" என்று அவரிடம் கேட்டேன். கேள்வியே விளங்காமல், நானும் வகுப்புக்கு வழி தேடி நிற்பதாக எண்ணிக்கொண்ட அவர், "மாடியில்தான், வாருங்கள்" என்று தோளைத் தொட்டு அழைத்துச் சென்றார். ஒருவர் அனுப்பித்தான் இன்னொருவர் கற்கப் போக முடியும் என்னும் நிலையை அந்த மனிதரால் கற்பனைகூடச் செய்ய இயலவில்லை.

இந்நாட்டைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அரியலூர்ச் சிமெண்டு ஆலையில் பல்லாண்டு சூளையைக் காத்துவந்த என்னை, இவர்கள் முதற்படியில் நிறுத்தி மீண்டும் தேர்வெழுத வைத்தார்கள்; அந்தக் கசப்பு இன்னும் நாவில் இருக்கிறது. ஆயினும், இங்கே உரிமம் பெற்ற பொறியாளர் ஒவ்வொருவரும் தாம் புதிதாகக் கற்றது யாதென ஆண்டுதோறும் தெரிவித்தாக வேண்டும். கற்பது பணியின் ஒரு கூறு. நம் ஊரிலோ அது ஒரு சலுகை. வெளியூர்ப் பயிற்சிக்கு ஓர் இடம் வந்ததும், "யாருக்கு இது தேவை?" என்று நம் ஆலைகளில் கேட்டு நான் அறிந்ததில்லை. "யார் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்?" என்பதே கேள்வி. வேலை தெரிந்தவரை விட முடியாது; ஆகவே வேலை தெரியாதவர் போவார். தோள்பையும் பேனாவும் குழுப்படமும் விருந்துணவைப் பற்றிய விரிவான வருணனையுமாகத் திரும்புவார். அதன்பின் ஆயுள் முழுவதும் அவரே "பயிற்சி பெற்றவர்". இதைவிடச் சீராக ஒரு நாட்டின் அறிவைக் கெடுக்கும் ஏற்பாட்டைப் பகைவன்கூடத் திட்டமிட்டிருக்க மாட்டான்.

என் தங்கை மகள் கயல்விழி அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டு ஆலையொன்றில் கருவியியல் பொறியாளராக இருந்தாள். சுண்ணாம்புக்கல்லை எரிக்கும் சுழல்சூளையை, ஆலைப் பேச்சில் 'கில்னை', ஓர் அறையிலிருந்து இயக்குவார்களே, அந்தக் கட்டுப்பாட்டறையே அவள் உலகம். சென்ற ஆண்டு அங்கே புதிய கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவ முடிவாயிற்று. அதற்கு முன் ஒருவரை ஐதராபாத்துக்கு ஒருவாரப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். போய்வருபவரே புதிய அமைப்பின் பொறுப்பாளர். கயல் அந்த இடத்தைக் கேட்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் வேறு எதையும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

அச்சமயம் அவள் மகனுக்குச் செட்டிகுளம் முருகன் கோவிலில் காதணி விழா. கயலுக்கு உடன்பிறந்தான் இல்லாததால் குழந்தையை மடியில் வைக்கும் முறை என்னிடம் வந்தது, பறந்து சென்றேன். மலையடிவார மண்டபத்தில் பந்தி நடந்தது. கயலின் துறைத்தலைவர் இராமலிங்கம் குடும்பத்தோடு வந்து, குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் அணிவித்துவிட்டு, என் பக்கத்து இலையில் அமர்ந்தார். நல்ல மனிதர். அதுதான் கொடுமை.

"பயிற்சிக்கு நம்ம கயலு பேரு போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அட, நீங்க வேற சார்! கயலு ஒரு நாள் வரலன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. கண்ட்ரோல் ரூமே அந்தப் பொண்ணுதான். அத எப்படி அனுப்புறது? பாஸ்கரனப் போடலாம்னு இருக்கேன்."

"பாஸ்கரன் அங்க எதப் பாத்துக்குறாரு?"

அவர் அப்பளத்தை நொறுக்கியபடி சற்று யோசித்தார். "பொதுவா... எல்லாத்தையும் பாப்பாரு சார்."

எதிர் இலையில் யாரோ சிரித்தார். சாம்பார் வாளியோடு வந்த கயல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் மடியில் சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு இருந்த மகனைக் கரண்டியால் சுட்டினாள்.

"சார், இந்தா உக்காந்திருக்கானே, இவனப் பெத்துக்கப் போயி ஆறு மாசம் நான் வரல. கில்னு நின்னுச்சா?"

பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். "அது வேறம்மா. அது லீவு. இது டிரெய்னிங்கு."

"அப்ப இன்னொன்னு பெத்துக்குறேன்னு சொல்லிட்டு, ஐதராபாத் போயி படிச்சிட்டு வந்துரட்டா சார்?"

"ஏண்டி, பேசற பேச்சா இது?" என்று பின்னாலிருந்து என் தங்கை அடிக்குரலில் சீறினாள்.

"வுடுங்கம்மா, நம்ம பொண்ணுதானே. பாப்போம்னு சொல்றேன்ல கயலு. நீ மொதல்ல சாம்பார ஊத்து."

அவள் ஊற்றினாள். அவர் பொய் சொல்லவில்லை. அவளை உண்மையாகவே மதித்தார். அந்த மதிப்பையே தாழ்ப்பாளாக்கி அவளை உள்ளே வைத்துப் பூட்டினார்.

நான் கனடா திரும்பிய சில நாள்களில் பாஸ்கரனின் பெயர் போனது. அவர் போனார், வந்தார். புதிய அமைப்பு இயங்கத் தொடங்கியதும் பொறுப்பாளர் நாற்காலி அவருக்கு வந்தது. அருகில் நின்று அமைப்பை இயக்கியவள் கயல். ஐயம் கேட்டால், "எல்லாம் பையில இருக்கு கயலு, நீயே எடுத்துப் பாத்துக்க" என்பாராம். அதை அவள் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தபோது எனக்கு உடல் பற்றியெரிந்தது. ஆண்டு மதிப்பீட்டில் அவளுடைய பதவி உயர்வு மறுக்கப்பட்டது. புதிய அமைப்பில் முறையான பயிற்சி இல்லையென்று காரணம் காட்டியிருந்தார்கள். அதை எழுதியவர் இராமலிங்கமேதான்.

அன்று அவள் சிரிக்கவில்லை. "மாமா, ஒரு வாரம் குடுக்கலல்ல. நான் ரெண்டு வருசமா எடுத்துக்கிறேன். அங்க எந்த காலேஜ் நல்லாருக்கும்னு சொல்லுங்க" என்றாள். கணவனையும் மகனையும் இப்போதைக்கு அரியலூரில் விட்டுவிட்டு, டொராண்டோவில் தானியக்கக் கட்டுப்பாடு படிக்க முடிவெடுத்தாள். பணிவிலகல் கடிதம் கொடுத்தபோது, "உன்னை விட முடியாது" என்று ஒருவரும் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள்; குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு விட முடியாதவளை ஒரேயடியாக விட்டுவிட்டார்கள்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆலைகளையும் அலுவலகங்களையும் ஆளும் பெரியோர்களே, பட்டம் வாங்கிய நாளோடு பொறியாளரின் படிப்பு முடிந்ததென்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? பிள்ளைகள் அயல்நாடு ஓடுகிறார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறீர்கள். அவர்களுள் பலர் ஓடவில்லை. ஒரு வகுப்பறை தேடி வெளியே வந்தார்கள், அவ்வளவே. என்னைப்போல் இங்கே குடியேறியவர்களே, நாமும் வாய்மூடி இருந்தது போதும். ஊருக்குப் போகும்போது வாசனைத் திரவியம் கொடுப்பதை விடுத்து, "பயிற்சி யாருக்குத் தேவை?" என்னும் கேள்வியைப் பந்தியில் உரக்கக் கேளுங்கள்.

சென்ற மாதம் அவளை அழைத்துவர விமான நிலையம் போனேன். அவளுக்கென்று வாங்கிய குளிர்ச்சட்டை என் கையில் இருந்தது. அவள் வருகிறாள் என்ற மகிழ்ச்சியை முழுதாகச் சுவைக்க முடியவில்லை. அங்கே ஓர் இருக்கை வெறுமையாகிறது என்ற சினம் குறுக்கே வந்து வந்து நின்றது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவின் வழியே வண்டியைத் தள்ளிக்கொண்டு கயல் வந்தாள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கியிருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

"இல்ல பாஸ்கரண்ணே, அத அமுக்காதீங்க. மொதல்ல ரெண்டாவது ஸ்கிரீனுக்குப் போங்க. செவப்பா மினுக்குதா? இருங்க, பதறாதீங்க..."

கதவின் நடுவிலேயே அவள் நின்றுவிட்டாள். இருபுறக் கண்ணாடிகளும் நெருங்கி வந்து, அவள் நிற்பதை உணர்ந்து விலகின. மீண்டும் நெருங்கி, மீண்டும் விலகின. பின்னால் நின்றவர்கள் வழிவிடச் சொன்னார்கள். காவலர் ஒருவர் வெளியே வருமாறு கைகாட்டினார். அவள் ஒரு கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அரியலூருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"வச்சிராதீங்கண்ணே. நான் லைன்லதான் இருக்கேன்."