ஸ்தோத்திரமாக மாற்றிச் சொன்ன காய்ச்சல்

என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது அது எவ்வளவு கடுமை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டாலும் அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அந்த மழைக்காலத்தில் ஒரு தீர்மானம் இருந்தது.

சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அவளோடு கொழுந்து எடுக்கும் பெண்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கூடுவார்கள். இனி முறுமுறுப்பதில்லை, வாயில் குறை வந்தால் அதையே ஸ்தோத்திரமாக மாற்றிச் சொல்வது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பைபிளில் வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் கர்த்தர் வாக்களித்த கானானைப் பார்க்கவில்லை என்பது அவர்களுக்கு விளையாட்டு அல்ல. மலையில் ஒருத்தி அலுத்துக்கொண்டால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் விடமாட்டாள்.

"அட்டை கடிச்சே கொல்லுது."

"மாத்திச் சொல்லுக்கா."

"எனக்கும் ஒடம்புல ரத்தம் இருக்குன்னு அட்டை சாட்சி சொல்லுது. ஸ்தோத்திரம்."

கீழே வடிகால் வெட்டிக்கொண்டிருக்கும் எனக்கு அவர்கள் சிரிப்பது கேட்கும்.

எனக்கும் இது பிடித்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கோபாலபுரத்தில் லாரிக்குச் சுமை ஏற்றினேன், பாலக்காட்டில் ஒரு பாயின் மளிகைக் கடையில் மூட்டை பிரித்தேன், பள்ளிவாசல் என்ற ஊரில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன். எந்த ஊரையும் விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அந்த ஊரைக் குறை சொல்லத் தொடங்குவேன். சொல்லச் சொல்ல அது பெரிதாகும், பிறகு அங்கே இருக்க முடியாது. அவள் மாற்றிச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கிளம்பும் நினைப்பு எனக்குக் குறைந்தது. கூரை ஒழுகினால், "தண்ணி எடுக்க வெளிய போக வேண்டாம், ஸ்தோத்திரம்" என்று பாத்திரத்தை வைப்பாள்.

காய்ச்சலுக்கும் அதே பேச்சுதான். "சுகந்தான். கர்த்தர் பெலன் தர்றாரு." நெற்றி அடுப்பாகக் கொதித்தது. எஸ்டேட் டிஸ்பென்சரி மாத்திரைக்குத் தணிந்து, திரும்ப ஏறியது. கண் சிவந்தது. அடுப்புப் புகை என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"காலு வலிக்குதா?"

"நடக்குறேன்லங்க."

போன மழையில் மேல் லயத்துக்காரர் ஒருவர் வெறும் காய்ச்சல் என்று படுத்தவர். கண் மஞ்சளித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரவில்லை. எலிக்காய்ச்சல் என்றார்கள். அந்த நினைப்பு வந்ததும் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஜீப் பிடித்து அவளைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வளைவுக்கு வளைவு அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் பேசும் இளம்பெண். வாசல்வரை கூட்டம்.

"எந்தா பிரச்சனை சேச்சி?"

"காய்ச்சல் கொஞ்சம். இப்ப சுகம், ஸ்தோத்திரம்."

"தலைவேதனை உண்டா?"

"ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

"சேச்சி, நீங்க சொன்னாலல்லே எனக்கு அறிய முடியும்?"

அவள் தலைகுனிந்தாள். அவளுக்குப் பயம், சொன்னால் தீர்மானம் போகும். எனக்கு அதைவிடப் பயம். குனிந்து அவள் காதருகே சொன்னேன்:

"நீ டாக்டர்ட்ட சொல்ல வேண்டாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லு. ஒடம்புல ஒவ்வொரு எடத்துக்கும் சொல்லு. சத்தமாச் சொல்லு."

கேலி செய்கிறேனா என்று என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"அப்பா, தலை வெடிக்கிற மாதிரி இருந்தும் என்னைய வேலைக்குப் போக வச்சீரே, ஸ்தோத்திரம். கெண்டைக்கால கத்தி வச்சுக் கீறுற மாதிரி இருந்தும் இந்தப் படி ஏற வச்சீரே, ஸ்தோத்திரம். நேத்திலேர்ந்து ஒண்ணுக்குச் சரியாப் போகாட்டியும்..."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் "ஆமென்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கெண்டைக்காலா?" என்று எழுந்துவந்து அழுத்தினார். அவளிடமிருந்து சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து நீர் வந்தது. ஓடைத் தண்ணீரில் இறங்கினாளா என்று கேட்டார். தினமும் அதைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறாள், கால்விரல் இடுக்கில் புண் இருக்கிறது என்றேன். ரத்தப் பரிசோதனையும் அட்மிஷனும் ஒரே மூச்சில் எழுதினார்.

எலிக்காய்ச்சல்தான், எலி மூத்திரம் கலந்த ஓடைத் தண்ணீர் புண் வழியாக ஏறியிருக்கிறது. கிட்னிக்கு ஏறத் தொடங்கியிருக்கிறது, சிறுநீர் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அளக்க ஒரு பாட்டில் கொடுத்தார்கள்.

டிரிப் ஏறும் கையோடு அவள் கேட்டாள்: "நான் முறுமுறுத்துட்டேனோ?"

"இஸ்ரவேல் ஜனங்க மோசேகிட்டப் போயி மொணங்குனாங்க. நீ நேரா அவர்ட்டயே சொன்ன. அது எப்படி முறுமுறுப்பாகும்?"

"நீங்க எப்பப் பைபிள் படிச்சீங்க?"

"படிக்கல. நீ வாசிக்கிறது காதுல விழும்."

நர்ஸ் வந்து கேட்டபோது, "கால் வலி இன்னும் கொறையல சிஸ்டர். மருந்து குடுக்குறீங்களே, ஸ்தோத்திரம்" என்றாள். இரண்டையும் சேர்த்து அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பயம் விடவில்லை. பாட்டிலில் அடிமட்டம் நனையும் அளவுதான் இருந்தது, அதுவும் தேநீர் நிறத்தில். மேல் லயத்துக்காரருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று கேட்க ஆளில்லை. மறுநாள் மதியம் நான் எடுத்துப்போன பாட்டில் கையில் கனத்தது. நர்ஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கொள்ளாம், நல்லாப் போகுது" என்று தலையாட்டினார்.

சிறுநீருக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னேன்.