மீன் தின்ற துரை

ஆறு நாளில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து முடிக்க வேண்டும். ஏழாம் நாள் பங்களாவுக்குப் போய்க் கதையை ஆங்கிலத்திலேயே சொல்ல வேண்டும். சொன்னால், தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. இல்லாவிட்டால் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். தொண்ணூறுகளின் நடுவில், றக்வானைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரையின் மனைவி, துரைசாணி, எனக்கு வைத்த பரீட்சை இது. தொட்டில் ஆட்ட ஆங்கிலம் எதற்கு என்று கேட்காதீர்கள். மாதாமாதம் கொழும்புக்கு அறிக்கை போக வேண்டுமாம்.

புத்தகத்துக்குப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருந்தது. உள்ளே ஒரு சீமைக் கிராமம். பேக்கரிக்காரர் மாவு மூட்டைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கிறார். கம்பளி நூல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் துப்புத் துலக்குகிறார். பேக்கரியில் இரண்டு பூனைகள். அவற்றைப் பூனை என்றே எழுதியிருந்ததால் தொல்லையில்லை. என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது, நூல் கடையில் இருந்த ஓர் ஆள்தான். 'மிஸ்டர்' என்று தொடங்கும் பெயர். அவர் என்ன இனம் என்பதற்கும் ஒரு சொல் இருந்தது. என் சின்ன அகராதியில் அது இல்லை. சாதியாக இருக்கும், நமக்கெதற்கு என்று தாண்டிப் போய்விட்டேன்.

சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டும்போது, அன்றன்று வாசித்ததைத் தமிழில் சொல்வேன்.

"அந்த மிஸ்டரு என்னா வேல பாக்குறாரு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒன்னும் பாக்கலம்மா. மெத்த நாற்காலியில படுத்திருக்காரு. அவருக்குன்னு தனியா மீன் அவிச்சுக் குடுக்குறாங்க. கதவுகிட்ட வந்து நின்னா யாராச்சும் ஓடிப்போயித் தொறந்து விடுறாங்க."

"அப்ப தொரதான்," என்றாள் அம்மா. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அதன் பிறகு எனக்கும் இல்லை.

ஆறாம் நாள் எல்லாம் குழம்பிப்போனது. கொலைகாரன் தப்பி ஓடும்போது, அந்த மிஸ்டர் அலுமாரி மேலிருந்து அவன் கழுத்தில் பாய்கிறார். இத்தனை மரியாதைப்பட்ட மனிதர் அலுமாரி மேல் எதற்கு ஏறினார்? அந்தப் பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். தலைகால் புரியவில்லை. வேலை கைவிட்டுப் போகிறதே என்று அழுகை வந்தது.

"குடிச்சிருப்பாரு," என்றாள் அம்மா.

மறுநாள் பங்களா விறாந்தையில் நின்று, உடைந்த ஆங்கிலத்தில் கதையைச் சொன்னேன். துரை அந்தப் பக்கமாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நூல் கடையில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார், வேலை செய்வதில்லை, தின்பார், தூங்குவார், கொலைகாரனைக் கண்டுபிடித்தது கடைக்கார அம்மாள், புகழ் எல்லாம் அவருக்கு என்றேன். அன்று அவர் குடித்திருந்தார் என்பதையும் விடவில்லை.

"எயா பூசெக் நே!" என்றார் துரைசாணி சிங்களத்தில். அவர் பூனையாம்.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. பிறகு ஏன் மனிதன் என்று நினைத்தாய் என்று துரைசாணி கேட்டார். என் கண் என்னைக் கேட்காமலே துரையின் பக்கம் போய்விட்டது. அதைத் துரைசாணி பார்த்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. கோபமா, சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. துரை பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "நீ போகலாம்," என்றார்.

வீட்டில் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை.

"பூனைக்கு எதுக்குடி மிஸ்டரு?"

"அங்க அப்புடித்தான் போலம்மா."

"முப்பது வருசமா காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சு என்னைய நம்பர் சொல்லித்தான் வேலைக்குக் கூப்புடுறாங்க," என்றாள்.

அடுத்த கிழமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வேலை கிடைத்திருந்தது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஆங்கிலத்துக்காக இருக்க முடியாது. அம்மா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"ஒம் பேருக்கு முன்னால என்னமோ வாசிச்சியே, அது என்னா?"

"மிஸ்."

"அந்தப் பூனைக்குப் போட்டாங்களே, அந்த மாதிரியா?"

"ஆமாம்மா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ வாசி," என்றாள்.