இரண்டாவது ரீடிங்

"யூசுப் பாயை ஃபர்னஸ்லேர்ந்து எடுத்துடலாம்னு இருக்கேன் மேடம். பேக்கிங்குக்கு அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். கையில் நான் கொடுத்த மாத ரிப்போர்ட்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கியர் செய்யும் யூனிட் எங்களுடையது. ஃபர்னஸில் சூடாக்கி எண்ணெயில் முக்கியெடுத்த கியர் போதிய அளவு இறுகியிருக்கிறதா என்று ஹார்ட்னெஸ் டெஸ்டரில் பார்த்து எழுதுவது லேபில் என் வேலை. காலை ஷிப்ட் பீஸை நான் பார்ப்பேன். மதிய ஷிப்டுக்கு லேப் ஆள் கிடையாது, ஆபரேட்டரே பார்த்து எழுதிவிடுவார். அந்த மாதம் காலை ஷிப்டில் நூற்றிருபது பீஸில் மூன்று ஃபெயில். மதியத்தில் அதே நூற்றிருபதில் பதினான்கு. ஃபர்னஸ் ஒன்றுதான். மதிய ஆபரேட்டர் யூசுப் பாய், பழவேற்காட்டிலிருந்து வருகிறவர். பதினெட்டு வருடம் நெருப்பு முன் நின்ற மனிதரைப் பெட்டி ஒட்ட அனுப்பினால் அவர் தாங்கமாட்டார்.

நான் அப்போது இணைய வகுப்பில் பைத்தான் புரோகிராமிங் கற்றுக்கொண்டிருந்தேன். "இன்னா மேடம், ரிட்டயர் ஆவுற வயசுல பரீச்சைக்குப் படிச்சிக்கினு கீறீங்க?" என்று கேண்டீனில் கிண்டல் செய்வார்கள். அந்த வாரம் சிமுலேஷன் பாடம், நிஜத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் போலியாக நடத்திப் பார்ப்பது. "ரெண்டு நாள் டைம் குடுங்க சார்" என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டேன்.

யோசனை எளிது. இருநூற்று நாற்பது ரீடிங்கையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஷிப்டுக்கும் பங்கு போட வேண்டும். யார் மேலும் தப்பில்லை, எல்லாம் அதிர்ஷ்டம் என்றால் எப்படி விழும் என்று அதில் தெரிந்துவிடும். பத்தாயிரம் தடவை கலைக்கச் சொல்லி எண்டர் தட்டினேன். டீ டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பத்தாயிரம் மாதங்கள்! நானும் பாயும் பத்துப் பிறவி எடுத்தாலும் அத்தனை மாதம் வேலை பார்க்க முடியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் பதில் பாய்க்கு எதிராக வந்தது. மதிய ஷிப்டுக்கு இவ்வளவு மோசமான பங்கு பத்தாயிரத்தில் நூறு தடவைகூட விழவில்லை; அப்படியென்றால் இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. அவரைக் காப்பாற்றப் போய் நானே மாட்டிவிட்ட மாதிரி ஆயிற்று.

ஷிப்ட் மாறும்போது அவரைப் பிடித்தேன். "பாய், நீங்க எப்படிப் பாக்குறீங்க, சொல்லுங்க."

"இன்னா மேடம் கீது அதுல? பீஸை வெப்பேன், மெஷினு காட்டுறத எழுதிக்கினு அடுத்ததை எடுப்பேன்."

"ஃபெயில் காட்டினா இன்னொரு தடவை பாக்க மாட்டீங்களா?"

"ஃபெயில்னா ஃபெயிலுதானே? இன்னாத்துக்கு இன்னொரு தபா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பார்ப்பேன். ஃபெயில் காட்டினால், மேலே ஸ்கேல், சூட்டில் உண்டாகும் கருப்புப் படலம், படிந்திருக்கும் என்று லேசாகத் தேய்த்து, பக்கத்தில் இன்னொரு ரீடிங் எடுப்பேன். பாஸ் வந்தால் அதையே எழுதுவேன். லேபில் சேர்ந்த நாள் முதல் அந்தப் பழக்கம். பாஸ் ஆன பீஸை மட்டும் ஒருநாளும் மறுபடி பார்த்ததில்லை.

புது புரோகிராம் எழுதினேன். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே தரம். ரீடிங் நிஜத்தில் ஆடுகிற மாதிரியே கொஞ்சம் முன்னே பின்னே ஆடட்டும் என்று விட்டேன். காலை ஷிப்டுக்கு மட்டும் என் பழக்கத்தை ஒரே ஒரு வரியாகச் சேர்த்தேன். மூன்றுக்குப் பதினான்கு, நாலுக்குப் பதிமூன்று, இரண்டுக்குப் பதினைந்து என்று மாதம் மாதமாகக் கொட்டியது. பாய் செய்யாத தப்பு, என் ஒரு வரியில் அவர் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. பிரமித்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமாகவும் இருந்தது.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஆயிரம் காட்டலாம் மேடம், நெஜத்துல காட்டுங்க" என்றார். ஒரு வாரம் இரண்டு ஷிப்டிலும் முதல் ரீடிங்கை மட்டுமே எழுதினோம். ஃபெயில் கிட்டத்தட்ட சமமாகவே வந்தது.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க பாஸ் போட்ட பீஸுங்க?" என்று கேட்டார். ஸ்டோரில் இருந்த சரக்கு முழுவதையும் நானே மறுபடி சோதித்தேன். வெளியே போனதற்குக் கஸ்டமருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான்.

பாய் ஃபர்னஸிலேயே இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம். உங்களத் தவிர யாருக்கும் தெரியாத விசயத்தை நீங்களே போய்ச் சொன்னீங்களே" என்றார்.

சிமுலேஷன் கற்கும் பிள்ளைகளே, மெஷினை எழுதுங்கள், மெட்டீரியலை எழுதுங்கள், வேலை செய்கிற ஆளையும் எழுதுங்கள். அளக்கிற உங்கள் கையையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் முதலில் ஓட்டிப் பார்த்த பத்தாயிரம் மாதத்தில், தப்பு செய்த ஒரே ஆளை மட்டும் விட்டிருந்தேன்.