அம்மா திறக்காத படலை

அம்மாவின் இந்த நினைவு மலர் உங்கள் கையில் சேரும்போது வீதி காய்ந்திருக்குமோ தெரியாது. இதை எழுதும்போது கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான் பாய்கிறது, பாதையெல்லாம் தண்ணீர். அம்மாவின் ஆண்டுத் திருப்பலியைத் தள்ளிவைப்போமா என்று அண்ணா கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் ஏதோ ஓர் அனர்த்தத்துக்கு நடுவில்தான் நடந்திருக்கின்றன. தள்ளிவைத்துத் தள்ளிவைத்து எனக்குக் களைத்துவிட்டது. அப்படித் தள்ளிவைத்ததால் வந்த ஒரு குறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா கீரிக் கிராமத்தில், கரைவலைக் குடும்பமொன்றில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தங்கைமாரை வளர்த்து, பத்தொன்பது வயதில் அப்பாவைக் கைப்பிடித்து மன்னார் பட்டினத்துக்கு வந்தார். அப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. பிள்ளைகள் மூவர்: அண்ணா, நான், தம்பி.

யுத்தத்தில் நாங்கள் ஓடாத இடமில்லை. மடு மாதா கோயிலில் மரத்தடியில் இருந்தோம். தம்பி அங்கேதான் காய்ச்சலில் போனான். நான்கு வயது. மருந்தும் இல்லை, கொண்டுபோக வாகனமும் இல்லை. பிறகு வள்ளமேறி இந்தியாவில் மண்டபம் முகாம். அங்கே வரிசையில் நின்றே எனக்குப் பிள்ளைப் பருவம் முடிந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. சுனாமி மற்றக் கரைகளை அள்ளிக்கொண்டு போனபோது எங்கள் கரையை விட்டுவிட்டது. அதற்கும் அம்மா மகிழவில்லை. உடுப்புச் சேர்த்து அனுப்பிவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார்.

இத்தனையையும் கண்ட அம்மாவிடம், கனடாவிலிருக்கும் என் சித்தியின் மகன் ஒருநாள் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது கேட்டான்: “பெரியம்மா, இவ்வளவுக்குள்ளயும் உங்களுக்கு ஆகக் கஷ்டமானது எது? சண்டையா, கொரோனாவா, பெற்றோல் இல்லாத காலமா?”

அம்மா யோசிக்கவே இல்லை. “படலையடியில நிண்டது ராசா,” என்றார்.

அவன் சிரித்தான். அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு விளங்கியது. உங்களில் பலருக்கும் இது தெரியாது, ஆகவே சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டில் இருந்தவர் றஹீமா மாமி. அம்மாவைவிடச் சின்னவர், “அக்கா, அக்கா” என்று அம்மாவின் பின்னாலேயே திரிவார். முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன நேரத்தில், கையில் கொண்டுபோக முடியாத தன் தையல் மெசினை அவர் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். பிறகு நாங்களும் ஓடினோம், மெசினும் போயிற்று. சண்டை முடிந்து, புத்தளத்திலிருந்து சிலாவத்துறையில் வந்து குடியேறிய கையோடு மாமி எங்களைத் தேடி வந்தார். எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று “அக்கா” என்ற குரலுக்கு அம்மா ஓடிய ஓட்டத்தில் படலையின் கொளுக்கியே கழன்றுவிட்டது. “உன்ர மெசினைக் காப்பாத்தேலாமப் போச்சடி,” என்று அம்மா அழுதார். “அது கிடக்கட்டும். நீங்க இருக்கிறீங்கதானே,” என்றார் மாமி. அன்றிலிருந்து மாதத்தில் ஒருமுறையாவது வருவார்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் வெடிக்கவைத்தவர்கள் முஸ்லிம் பெடியள் சிலர் என்று செய்தி வந்ததிலிருந்து அந்தக் கிழமை முழுக்க ஊர் பயந்து செத்தது. பூசை இல்லை, சந்திக்குச் சந்தி சோதனை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சிலாவத்துறையிலிருந்து பஸ் ஏறி, வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதித்தார்களோ, றஹீமா மாமி எங்கள் படலையில் வந்து நின்றார்.

“உங்கட ஆக்கள் இப்பிடிச் செத்துப்போச்சினம் எண்டு கேட்டாப் பிறகு வீட்டில இருக்கேலாமப் போச்சு அக்கா,” என்றார்.

அம்மா படலையின் உட்புறம் நின்றார். கொளுக்கியில் கை இருந்தது. எதிர்வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். “இண்டைக்கு வீட்டில ஒருத்தரும் இல்லை றஹீமா. பிறகொருநாள் வாவன்,” என்றார்.

வீட்டில் நான் இருந்தேன். குசினியில் மாமிக்கும் சேர்த்துத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அம்மா சொன்னது காதில் விழுந்தது. வெளியே வரவில்லை. எனக்கும் பயம்தான்; அதை மறைத்து என்ன பயன்?

மாமி கொண்டுவந்த பையைப் படலைத் தூணோடு சாத்தி வைத்துவிட்டுப் போனார். ஆளில்லாத பையைக் கண்டால் என்ன செய்வார்கள் அந்த நாட்களில்? யாரோ அறிவித்துவிட்டார்கள். ஆமிக்காரர் வந்து எங்களை எல்லாம் தூரப் போகச் சொல்லி, நீட்டுத் தடியால் அந்தப் பையைக் கிளறினார்கள். உள்ளே ஒரு பார்சல் கருவாடும், செத்தவர்களுக்காகக் கொளுத்தச் சொல்லி வாங்கிவந்த ஒரு கட்டு மெழுகுதிரியும் இருந்தன.

அம்மா அந்த மெழுகுதிரிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒன்றையும் கொளுத்தவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“தம்பியைப் பறிகுடுத்ததைவிடவா அம்மா இது பெரிசு?” என்று ஒருமுறை கோபத்தில் கேட்டேன். அம்மா அமைதியாகச் சொன்னார்: “அவனுக்காக நான் அழுது தீத்திட்டன் பிள்ளை. அது எனக்கு நடந்தது. இது நான் செய்தது.”

நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் மாமியின் வீட்டுக்குள் போய் இருந்து கேட்க வேண்டும் என்பதுதான் அதன் பிறகு அம்மாவின் ஒரே ஆசை. தொலைபேசியில் கதைப்பார்கள், ஆனால் மாமி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போவோம் என்று இருந்தபோது கொரோனா வந்தது. மாமியின் கணவர் கொழும்பில் ஆசுப்பத்திரியில் இறந்தார். மையத்தை, அவரின் உடலை, அவர்கள் முறைப்படி அடக்க விடாமல் எரித்துவிட்டார்கள். அந்தச் செய்தி கேட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப போகாட்டி நான் மனிசியே இல்லை,” என்றார். ஊரடங்கு. போகவில்லை. பிறகு பெற்றோல் இல்லாத காலம். இரண்டு நாள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருவர் இருக்கும்போது முடிந்துவிட்டது என்றார்கள். எரிபொருள் கிடைக்கத் தொடங்கியபோது அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஓட்டோவில் சாய்த்துக் கொண்டுபோயிருக்கலாம். “வாற கிழமை போவம் அம்மா,” என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாட்டில் நடந்த எல்லாவற்றின்மேலும் பழியைப் போடலாம். அந்தக் கடைசி ஒரு வருடத்துக்கு நான் மட்டும்தான் காரணம். அம்மா போகாமலேயே போய்விட்டார்.

செத்தவீட்டன்று படலை அகலத் திறந்து கிடந்தது. சனம் வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டியருகில் இருந்து நிமிர்ந்தபோது, வெளியே தூணோடு ஒட்டி றஹீமா மாமி நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஓடிப்போனேன்.

“மாமி, ஏன் இதில நிக்கிறீங்கள்? உள்ளுக்கு வாங்கோ.”

“வரலாமா புள்ள?” என்று கேட்டார்.

அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “அக்கா போனில ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் அழுவா. நான் எப்பவோ மறந்திட்டன் புள்ள. கால்தான் வருகுதில்லை,” என்றார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவின் தலைமாட்டில் என் கதிரையில் இருத்தினேன். அலுமாரியில் இருந்த மெழுகுதிரிகளை எடுத்துவந்து அன்றுதான் கொளுத்தினோம்.

நோயில் கிடந்த அம்மாவைத் தூக்கி நிமிர்த்திய தாதிமாருக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை தந்த சுவாமிக்கும், பெட்டி தூக்கிய கீரி உறவுகளுக்கும், தூரதேசங்களில் இருந்து அழுதவர்களுக்கும், கதிரையும் பந்தலும் தந்து உதவிய அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. எதிர்வீட்டாருக்கும்தான், அவர்கள் அன்று பார்த்ததைத் தவிர வேறொரு பிழையும் செய்யவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அண்ணா அந்தப் படலையைக் கழற்றிவிட்டார். இப்போது ஊர்க் கழுதைகளெல்லாம் எங்கள் முற்றத்தில்தான் படுக்கின்றன. அண்ணி ஏசுகிறார், ஏசட்டும். றஹீமா மாமி மாதம் ஒருமுறை வருகிறார். படலை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். அங்கிருந்தே “புள்ள, வரட்டா?” என்று கூப்பிடுகிறார். அடுப்பில் என்ன கிடந்தாலும் இறக்கிவைத்துவிட்டு நான் போகிறேன்.